ஒரு கை சோடா

திருப்பூரில் துணி துவைக்கத் தெரியாதவன் ஒருவனும் இல்லை. அப்படித்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காதர்பேட்டையில் பனியன் கட்டு தூக்குகிறவர்கூட எனக்கு யோசனை சொல்வார். "ஏனுங்க அங்கமுத்து, கம்பளத்துல அப்படி என்னங்க இருக்குது? ஊறப்போட்டு ரெண்டு அலசு, ஹைட்ரோவுல ஒரு சுத்து, முடிஞ்சுதுங்களே!" ஹைட்ரோ என்பது ஈரத்துணியைச் சுழற்றிப் பிழிகிற இயந்திரம். நூறு வருடத்துக் கம்பளத்தை அதில் போட்டால், மிச்சம் வருவது தலையணையில் அடைக்கத்தான் ஆகும். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. இப்போதெல்லாம் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

சாயப்பட்டறையில் இருபத்தேழு வருடம் இருந்தவன் நான். பட்டறையை மூடிவிட்டார்கள். அதன் பிறகு வீடு வீடாகப் போய் சோபா, திரைச்சீலை, கம்பளம் என்று சுத்தம் செய்து பிழைக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் முட்டி போட்டுத் தரையைத் தேய்க்க வேண்டும் என்பது தலையெழுத்து. யாரைக் குற்றம் சொல்ல?

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை காலை ஜனனி போன் செய்தார். அவிநாசி சாலையில் ஏற்றுமதி கம்பெனி நடத்தும் மகுடேஸ்வரனின் மனைவி. அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஈரானில் நெய்த பழைய கம்பளம் ஒன்று உண்டு. மாமனார் காலத்தில் ஒரு ஜெர்மன்காரர் பரிசாகக் கொடுத்தது. போன வருடம் அதை நான்தான் துவைத்துக் கொடுத்தேன். அந்த ஒரு வேலையைப் பார்த்துத்தான் அந்தச் சாலையில் பாதி வீடுகள் என்னைக் கூப்பிட்டன.

"அண்ணா, கம்பளத்துல சாயம் எறங்கிருச்சுங்க. கொஞ்சம் ஒடனே வாங்க."

போனேன். வெள்ளைக் கரையின்மேல் சிவப்பு இறங்கி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ரோஸ் நிறத்தில் ஒரு திட்டு. ஜனனி சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அழுத கண்.

"பழனியக்கா பண்ணுன வேலைங்கண்ணா. காப்பி கொட்டிருச்சாமா, தொடைச்சாங்களாமா. வெறுந் தண்ணிதான்னு சாதிக்கறாங்க. வெறுந் தண்ணிக்கு இப்படி ஆகுமுங்களா? தொவைக்கற சோடா போட்டுத் தேச்சிருக்கறாங்க. ஒத்துக்கிட்டிருந்தாக்கூட விட்டிருப்பனுங்க. பதினாலு வருசம் எங்கூட்டுல இருந்தவங்க, என் மொகத்தப் பாத்துப் பொய் சொல்றாங்க. நேத்து வேலைய விட்டுப் போகச் சொல்லிட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே சொன்னார். "நீங்க டெஸ்ட் பண்ணிப் பாருங்கண்ணா. வெறுந் தண்ணிதான்னு நீங்க சொல்லிட்டா, நானே போயிக் கூட்டீட்டு வந்தர்றேன்."

பழனியம்மாளை எனக்குத் தெரியும். நான் அங்கே வேலை செய்தபோது கேட்காமலே மோர் கொண்டுவந்து வைத்தவர். புருஷன் இல்லை. அந்த ஒரு வீட்டு வேலையில்தான் அடுப்பு எரிகிறது.

பழைய கம்பளத்தைத் தொடும் முன்னால் ஒவ்வொரு நிறத்தையும் சோதிக்க வேண்டும். வெள்ளைப் பனியன் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, நிறத்தின்மேல் வைத்து அழுத்தி, நூறு வரைக்கும் எண்ண வேண்டும். துணியில் நிறம் ஏறினால் தண்ணீர் பக்கமே போகக்கூடாது. போன வருடம் சோதித்தபோது ஒரு பொட்டு ஏறவில்லை. கல்லு மாதிரி நின்றது சாயம்.

சோபாவுக்கு அடியில் கிடந்த மூலையைப் புரட்டினேன். பழனியம்மாளின் கைத்துணி அங்கே போயிருக்க வழியே இல்லை. நனைத்த துணியை வைத்து அழுத்தி எடுத்தேன். சிவப்பு. சோடா மாதிரி காரம் இருக்கிறதா என்று பார்க்கும் தாள் ஒன்று பையில் இருந்தது. அதை ஈரத்தில் வைத்தேன். நீலமாகிவிட்டது. மற்ற மூலைகளிலும் அப்படியே. திட்டில் மட்டும் இல்லை, கம்பளம் முழுக்கச் சோடா இருந்தது.

ஐயோ என்றிருந்தது. அது என் கை போட்ட சோடா.

போன வருடம் ஆற்றுத் தண்ணீர் லாரிக்குச் சொல்லியிருந்தேன். வரவில்லை. எங்கள் ஊர் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் ஷாம்பூ நுரைக்காமல் திரிந்து போனது. பட்டறையில் தண்ணீர் இப்படி முரண்டு பிடித்தால் ஒரு கை சோடா அள்ளி வீசுவோம். பழகின கை யோசிக்குமா? அள்ளி வீசிவிட்டது. பருத்திக்குச் சோடா விருந்து, கம்பளிக்கு விஷம். அதுவும் செடி வேரிலும் பழத்தோலிலும் எடுத்த சாயத்தை அது மெல்ல அரித்துவிடும். எனக்குத் தெரியாததா? போட்ட மறு நிமிடமே உறைத்தது. ஆனால் அன்றைக்கு அது மூன்றாவது வீடு. இடுப்பு விட்டுப்போயிருந்தது. நாலு தடவை அலசி, கடைசித் தண்ணீரில் வினிகர் விட்டு முறித்திருக்க வேண்டும். ஒரே அலசு அலசி, போதும் போ என்று விரித்துவிட்டேன். ஒரு வருடம் உள்ளே இருந்து அது வேலை பார்த்திருக்கிறது. பழனியம்மாளின் வெறுந் தண்ணீர் அதை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

"சோடாதானுங்களேண்ணா?" ஜனனி கேட்டார்.

"ஆமாங்க. சோடாதானுங்க."

நான் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் என் ஆயுசில் சொன்னதும் இல்லை. அந்தச் சாலை முழுக்க என் பெயர் நாறிவிடும் என்று பயந்தேன். ஜனனி தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்கண்ணா, எடுத்துட்டுப் போயி முடிஞ்சதச் செய்ங்க" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஒன்பது நாள் அதோடு கிடந்தேன். முதலில் முதுகுப் பக்கமிருந்து தூசியை உறிஞ்சி எடுத்தேன். பிறகு ஆற்றுத் தண்ணீரில் வினிகர் கலந்து, பஞ்சால் சாண் சாணாக ஒற்றினேன். ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. உடனே உலர்ந்த துண்டை வைத்து ஈரத்தை வாங்க வேண்டும். வெயில் ஆகாது, கொடியில் தொங்கவிட்டால் கனத்தில் நூல் அறுந்துவிடும். ஆகவே தரையில் விரித்து மின்விசிறிக் காற்றில் காயவைத்து, மறுபடி தாளை வைத்துப் பார்த்து, மறுபடி ஒற்றினேன். முட்டி வீங்கிவிட்டது. தூக்கமும் சரியில்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் என் மனைவி மயிலாள் பனியன் கம்பெனியிலிருந்து வந்ததும் வராததுமாகச் சொன்னாள். "பழனியக்கா எங்க கம்பெனிக்கு வேலை கேட்டு வந்தாங்க. பிசிறு வெட்டற வேலைதான். கண்ணு தெரியலீன்னு அனுப்பிட்டாங்க. சுத்துவட்டுல ஒரு ஊட்டுலயும் சேத்தமாட்டீங்கறாங்களாமா. என்ற கையப் புடிச்சுட்டு அழுதாங்க."

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அட பாவி மனுசா!" என்றாள். "அந்தக்கா ஊத்துன மோரு உங்க வகுத்துலதானுங்களே போச்சு? போயிச் சொல்லீட்டு வாங்க. சொல்லாம ஊட்டுக்கு வராதீங்க."

மறுநாள் கம்பளத்தை ஜனனியின் கூடத்தில் விரித்தேன். திட்டு முக்கால்வாசி போயிருந்தது. தாள் நிறம் மாறவில்லை. "ரொம்ப நல்லா வந்திருக்குதுங்கண்ணா" என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்து, லாரி வராததிலிருந்து எல்லாம் சொன்னேன். அவர் கம்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பளம் போனாப் போகுதுங்கண்ணா. நான் அந்தக்காவ என்னென்ன வார்த்தை சொன்னேன் தெரியுமுங்களா?" கார் சாவியை எடுத்தார். "வாங்க, இப்பவே போலாம்."

பழனியம்மாள் இருப்பது ஒரு லைன் வீட்டில், வரிசையாகப் பதினோரு கதவு. காரிலிருந்து இறங்கியதும் ஜனனி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, தப்பு எம்மேலதான். ஊட்டுக்கு வாங்க." சோடா போட்டது நான்தான் என்று நானும் சொன்னேன். பழனியம்மாள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, இது உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?"

"டெஸ்ட் பண்ணுன அன்னைக்கேங்க."

திட்டியிருந்தால் தேவலாம். திட்டவில்லை.

"அம்மிணி தெரியாமச் சொன்னாங்க. நீங்க தெரிஞ்சு வாய மூடிக்கிட்டீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. இந்த லைன்ல ஒவ்வொரு ஊடாப் போயி, பழனியம்மா சோடா போடுல, நாந்தான் போட்டேன்னு சொல்லுங்க. அப்புறம் நான் வேலைக்கு வர்றனுங்க."

நியாயம்தானே. முதல் கதவைத் தட்டினேன். முறத்தோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, நான் கம்பளம் தொவைக்கற அங்கமுத்துங்க. அந்த ஊட்டுக் கம்பளத்துல சோடா போட்டது பழனியக்கா இல்லீங்க, நானுங்க."

அவர் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "சோடாவா? என்ன சோடாங்க?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "வளையலத் தூக்கீட்டாங்கன்னுல்லங்க பேசிக்கறாங்க?"

"ஐயோ, வளையலா! எங்கூட்டுல ஒண்ணுமே காணாமப் போகலீங்க!" பின்னாலிருந்து ஜனனி கத்தினார்.

"அப்படிங்களா" என்றார் அந்தப் பெண். நம்பவில்லை. பெரிய வீட்டுக்காரர்கள் காரில் வந்து ஏதோ பேசி முடிக்கிறார்கள் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். பழனியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடுத்த கதவைத் தட்டினேன்.