நாற்பத்தைந்து கிலோவுக்கு மேல்

"நாற்பது சிலிண்டரும் காலி! இப்படியா ஏமாத்துவீங்க?" என்று காலையில் போனில் கத்தினார் விலாஸ்தோஸ், கப்பல் கம்பெனி மேற்பார்வையாளர்.

பெராமா துறைமுகத்தில் பதினேழு வருஷமாகக் கப்பல்களின் தீயணைப்பு சிலிண்டர்களுக்கு கரியமில வாயு நிரப்புகிறேன். ஒருத்தரும் என்னை ஏமாற்றுக்காரி என்றதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தராசை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே கப்பலுக்குப் போனேன்.

ஆகஸ்ட் வெயிலில் சிலிண்டர் அறை கொதித்தது. சுவரிலிருந்த வெப்பமானி முப்பத்தெட்டு காட்டியது. மூத்த மாலுமி ஸ்த்ராதிஸ் உள்ளே குழாய்களுக்குச் சிவப்பு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். கப்பல் கிளம்பிய பிறகும் இன்னும் ஒரு வாரம் அவருக்கு இங்கேதான் வேலை.

"காலின்னு எதை வெச்சு சொன்னீங்க?"

வாசலில் நின்றிருந்த விலாஸ்தோஸ் ஒரு கருவியை நீட்டினார். உள்ளே திரவம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று வெளியிலிருந்தே காட்டும் கருவி.

"முப்பத்தோரு டிகிரி தாண்டினா உள்ள திரவமே இருக்காது சார். எல்லாம் ஒண்ணாகி சிலிண்டர் முழுக்க நெறஞ்சு நிக்கும். அப்புறம் எந்த உயரத்தத் தேடுனீங்க? வெயில்ல எடைதான் போடணும்."

ஸ்த்ராதிஸ் கைகொடுக்க, முதல் சிலிண்டரை நிறுத்தேன். சிலிண்டரின் எடை போக நாற்பத்தைந்து கிலோ. நான் நிரப்பியது அப்படியே இருந்தது. அடுத்த மூன்றும் அதேதான். ஐந்தாவதில் ஐம்பத்தைந்து காட்டியது.

"இதுல யாரு கைய வெச்சது?"

"காலின்னு நெனச்சு நேத்து பத்தை மட்டும் வேற பட்டறைக்கு அனுப்பினோம். பத்துப் பத்துக் கிலோதான் உள்ள போச்சு, அதுக்கு மேல ஏறல. கூட இருந்தா நல்லதுதானேம்மா?" என்றார் விலாஸ்தோஸ்.

உள்ளே ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று எடை பார்க்காமலே திணித்த அந்தப் புண்ணியவானை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். அறுபத்தேழு லிட்டர் சிலிண்டர் அது. இவ்வளவு அடைத்தால் சூட்டில் வாயு விரிய இடமேது? கப்பல் செங்கடலுக்குள் போனதும் இந்த அறை ஐம்பத்தைந்து டிகிரியைத் தொடும். அழுத்தம் மீறினால் உடையும்படி சிலிண்டரில் வைத்திருக்கும் காப்புத் தகடு கிழிந்து, வாயு அறை முழுக்கப் பரவும். உள்ளே இருக்கிறவர் மூச்சுத் திணறிச் செத்துப்போவார்.

அதைச் சொன்னேன். மறுபடி தூரிகையை எடுத்திருந்த ஸ்த்ராதிஸ், பூசுவதை விட்டுவிட்டு விலாஸ்தோஸைத் திரும்பிப் பார்த்தார்.

"பத்தையும் எறக்கணும். கூடுதலா இருக்கறத வெளியேத்தணும்."

"சாயங்காலம் கெளம்பணும்மா. நேரமில்ல. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"ஆகாதில்ல? அப்போ செங்கடல் வரைக்கும் நீங்களே இங்க உக்காந்துட்டு வாங்க."

"எனக்கு ஆபீஸ்ல வேலை இருக்கு" என்றபடி அவர் வாசலுக்கு வெளியே ஓரடி பின்வாங்கினார்.

ஸ்த்ராதிஸ் பின்வாங்கிய அந்தக் காலையே பார்த்தார். தூரிகையை டப்பாவில் போட்டுவிட்டு, அவரைத் தாண்டி வெளியே வந்தார்.

"அந்தப் பத்தும் எறங்குற வரைக்கும் கப்பலக் கட்டியிருக்கற ஒரு கயித்தையும் அவுக்க மாட்டேன். முடிஞ்சா நீங்களே அவுத்துக்குங்க."