மூவரில் ஒருவர்

காணாமல் போனவர்களைத் தேடித் தரும் அந்த அலுவலகத்தில், சேமிப்புப் பெட்டியின் மஞ்சள் விளக்கு மூன்று வாரமாக எரிந்துகொண்டிருந்தது. அதைத் தினமும் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். டேட்டாக்காரர் என்று கூப்பிடுவார்கள். சண்டையில் சிதறிய குடும்பங்களில் யார் யாரைத் தேடுகிறார்கள், கிடைத்தவர் எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் அவர் பொறுப்பில் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

விளக்கின் அர்த்தம் அவருக்கு நன்றாகவே தெரியும். அது கொஞ்சம் அவசரக்காரப் பெட்டி. கொடுத்ததைத் தன் நினைவில் வாங்கி வைத்துக்கொண்டு, 'எழுதியாயிற்று' என்று உடனே சொல்லிவிடும். டிஸ்கில் எழுதுவது பிறகு சாவகாசமாக. நடுவில் மின்சாரம் போனால் நினைவில் இருப்பதைக் காப்பாற்ற உள்ளே ஒரு பேட்டரி உண்டு. செத்துக்கொண்டிருந்தது அந்தப் பேட்டரிதான். புதிதுக்கு எழுதிப் போட்டார், இரண்டு முறை நினைவூட்டினார். அது வரும்வரை பெட்டியின் அவசரத்தை நிறுத்தி வைத்திருக்கலாம். ஒரே ஒரு கட்டளை போதும். ஆனால் நிறுத்தினால் ஒரு படிவம் ஏற அரை நிமிடம் ஆகும், வாசல் வரிசை தெருமுனையைத் தாண்டும். வெயிலில் நிற்பவர்கள் மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டார். இரக்கப்பட வேறு நேரமே கிடைக்கவில்லை மனுஷனுக்கு.

அங்கே ஒரு கறாரான வழக்கமும் இருந்தது. யார் எங்கே தங்கியிருக்கிறார் என்ற தாள் வேண்டாதவர்கள் கையில் சிக்கினால் உயிருக்கே உலை. அதனால் படிவத்தைக் கணினியில் ஏற்றி, திரையில் 'பதிவாகிவிட்டது' என்று வந்ததும் தாளைக் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டுவிட வேண்டும். விதியைப் போட்டவரே டேட்டாக்காரர்தான். "அந்த எழுத்து வந்துடுச்சுன்னா எது நடந்தாலும் உள்ள பத்திரமா இருக்கும்க்கா, தைரியமா கிழிங்க" என்று தட்டச்சு அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். அக்காவும் சொன்ன சொல் தட்டாதவர். நான்கு வருடத்தில் ஒரு தாள் மிச்சம் வைத்ததில்லை.

நேற்று பகல் பன்னிரண்டு இருபதுக்குப் பெட்டியின் மின்பாகம் கருகியது. மாலைக்குள் மாற்றிவிட்டார்கள். டேட்டாக்காரர் அப்போதுகூடப் பதறவில்லை. பெட்டியில் பதிவுகள் குலைந்துபோயிருந்தாலும் முந்தைய இரவின் நகல் இருந்தது. அன்று காலையிலிருந்து நடந்ததை எல்லாம் வரிசையாகக் குறித்து வைக்கும் லாகும் இருந்தது. நகலின் மேல் லாகை ஓட்டினால் கடைசி நொடிவரை திரும்பி வரவேண்டும். வந்தது. ஒன்பது மணி வந்தது, பத்து வந்தது. பதினொன்று ஐம்பத்திரண்டில் நின்றது. மறுபடி ஓட்டினார். அங்கேயே நின்றது. மூன்றாவது தடவையும் சண்டி மாடு மாதிரி அதே இடம்.

பெட்டிக் கம்பெனிக்காரரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"லாக்ல ஒரு துண்டு டிஸ்குக்கே போகல சார். பெட்டியோட நினைவுல இருந்தது, அப்படியே போயிடுச்சு" என்றார் அவர். "அதுக்கு அப்புறம் இருக்கறதைக் கோக்க முடியாது. பேட்டரிக்கு மஞ்சள் விளக்கு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

"எவ்வளவு நாளா?"

"மூணு வாரமா."

"நாங்க செய்யறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல சார்" என்றார் கம்பெனிக்காரர். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது டேட்டாக்காரருக்கு.

இருபத்தெட்டு நிமிடம். அதற்குள் ஏறிய படிவங்கள் பத்தொன்பது என்று அக்கா விரல்விட்டுக் கணக்குச் சொன்னார். பத்தொன்பதையும் கிழித்தாயிற்று.

இன்று காலை பத்து மணிக்கு ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட உடுப்பில், விசேஷத்துக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார். கையில் தொலைபேசி. திரையில், நேற்று பன்னிரண்டு பதினாலுக்கு அலுவலகத்தின் கணினி தானாக அனுப்பிய செய்தி: 'நீங்கள் தேடுபவர்களில் ஒருவர் உயிருடன் இருப்பது தெரியவந்துள்ளது. நேரில் வரவும்.' பாதுகாப்புக்காகச் செய்தியில் பெயர் போடுவதில்லை.

அக்கா அவருடைய பதிவு எண்ணைத் தட்டிப் பார்த்தார். முந்தைய இரவின் நகலில் அந்த அம்மாவின் தேடல்கள் மூன்றும் பத்திரமாக இருந்தன. புருஷன், பெரிய மகன், சின்ன மகள். மூன்றின் எதிரிலும் 'தகவல் இல்லை'. அக்கா எழுந்து உள்ளறைக்குப் போய், "நீங்களே வந்து சொல்லிடுங்க. எனக்கு வாய் வரல" என்றார் டேட்டாக்காரரிடம்.

உடனே போக அவருக்குக் கால் வரவில்லை. லாகின் மிச்சத்தைத் திறந்து எழுத்தெழுத்தாகத் துழாவினார். ஓரிடத்தில் அந்த அம்மாவின் எண் கிடைத்தது. எண்ணுக்கு அடுத்து, கிடைத்தவரின் விவரம் இருக்கவேண்டிய இடத்தில், பூஜ்யம். பக்கம் முழுக்கப் பூஜ்யம்.

அந்தப் பத்தொன்பதும் ஊர் ஊராகப் போய் அங்கே இருப்பவர்களின் விவரம் எழுதும் குழு அனுப்பிய படிவக் கட்டில் வந்தவை. குழுத் தலைவியை அழைத்து மூன்று பேரின் பெயரையும் வயதையும் சொன்னார்.

"போன வாரம் ஒன்பது ஊர், நானூறு பேருண்ணே. எனக்கு எந்த முகம் ஞாபகம் இருக்கும்? தாள் பூரா உங்ககிட்டதானே அனுப்பிட்டோம்" என்றார் அவர். "மறுபடி ஒரு சுத்து வரணும்னா மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் அவங்க அங்கயே இருந்தாத்தான்."

வேறு வழியில்லாமல் டேட்டாக்காரர் வெளியே வந்து அந்த அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். விளக்கு, பேட்டரி, லாக் எல்லாவற்றையும் சொன்னார். தன் தப்பையும் சொன்னார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எனக்கு இந்தப் பொட்டி சமாச்சாரமெல்லாம் புரியாது தம்பி. யாரு கிடைச்சாங்க? அதைச் சொல்லுங்க."

"அதுதாம்மா போயிடுச்சு."

"ஒருத்தர் இருக்கறது நிஜம்தானே?"

"நிஜம்மா. பொருந்தாம செய்தி போகாது."

"மூணு பேர்ல ஒருத்தர்."

"ஆமாம்மா."

"நான் இருக்கேன்னு அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"

தேடுகிறவர் நேரில் வந்து உறுதி செய்த பிறகுதான் கிடைத்தவருக்குச் சொல்வார்கள். அதுவும் ஒரு விதி. "இல்லம்மா" என்றார். அவமானமாக இருந்தது.

அந்த அம்மா தொலைபேசியைத் திருப்பி மேசையில் வைத்தார். கத்தவில்லை, சாபம் விடவில்லை.

"நேத்து இது வந்ததுலேர்ந்து தூங்கல. எங்க வீட்டுக்காரர்தான்னு நெனச்சேன், ஒரு மணி நேரம் அத்தனை சந்தோஷம். அப்புறம் திடீர்னு உறைச்சுது, அப்படின்னா பிள்ளைங்க? சரி, பெரியவன்னு வச்சுப்போம்னு பார்த்தேன். அப்ப சின்னவளுக்கு என்ன ஆச்சு? அவ தனியா இருக்கவே பயப்படுவா. விடிஞ்சா தெரிஞ்சுடும்னு சமாதானம் சொல்லிக்கிட்டேன்."

டேட்டாக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"முந்தாநாள் வரைக்கும் மூணு பேருக்கும் சேர்த்துக் காத்துக்கிட்டு இருந்தேன், அது ஒரு மாதிரி பழகிப் போச்சு. இனிமே யாரை நெனச்சு சந்தோஷப்படறது தம்பி? ஒருத்தரை நெனச்சா மத்த ரெண்டு பேரையும் நானே கைவிட்ட மாதிரி ஆயிடுதே. நீங்களே சொல்லுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்ல. மூணு மாசத்துக்கு நான் நம்பிக்க ஒரு பேரு சொல்லுங்க."

காலையிலிருந்து தேடித் தேடி அந்த மூன்று பெயர்களும் அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தன. அந்த அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெயரைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை.