உயிரோடு நிறுக்க வேண்டிய மீன்

என் மனைவி விமலராணிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. விருந்துக்குப் போன வீட்டிலும் நேரே அடுப்படிக்குள் நுழைந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிடுவாள். அந்தக் குணம்தான் 1986 ஆவணியில், டென்மார்க்கில் ஹேர்னிங் நகருக்கு வெளியே ஒரு குளக்கரையில், எங்கள் மானத்தை வாங்கியது.

அவள் வேலை செய்த தையல் தொழிற்சாலையில் மற்றவர்கள் காலையில் தலையசைப்பதோடு சரி. பக்கத்து மெஷினில் இருந்த கிர்ஸ்டன் மட்டும்தான் அவளோடு பேசுவாள். விமலா புரிந்துகொள்ளட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகப் பேசுவாள். விமலாவுக்குத் தெரிந்த டேனிஷ் முழுவதும் அவள் கொடுத்ததுதான். எங்கள் வீட்டுக் கதையில் பாதி, "கிர்ஸ்டன் சொன்னவ" என்றுதான் தொடங்கும்.

அந்தக் கிர்ஸ்டன் தன்னுடைய தூண்டில் கழகத்தின் போட்டிக்கு எங்களைக் கூப்பிட்டாள். மன்னார்க்காரன் என்றால் மீன்பிடி தெரியாமலா இருக்கும் என்று என்னைப் பற்றி நினைத்திருப்பாள். நான் படித்தது சுருக்கெழுத்து. மீனை நான் நெருங்கிப் பழகியது குழம்புச் சட்டியில்தான்.

குளக்கரையில் கிர்ஸ்டன் முதலில் தூண்டில் நூலில் ஈயக் குண்டைக் கட்டி ஆழம் பார்த்தாள். பிறகு மிதப்பைச் சரிசெய்து, தூண்டில் ஊசியில் வெள்ளைப் புழுவைக் கோக்கக் காட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விமலா முகம் சுளிக்காமல் கோத்தாள். ஆனால் மிதப்பு கொஞ்சம் ஆடினாலே வெடுக்கென்று இழுத்துவிடுவாள்.

"பொறு. அது தாழட்டும்," என்றாள் கிர்ஸ்டன்.

விமலாவுக்கு உலகத்திலேயே கடினமான வேலை அது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். கடைசியில் கையளவு வெள்ளி மீன் ஒன்று துள்ளிக்கொண்டு வந்தபோது, "மாதாவே!" என்று அவள் போட்ட சத்தத்தில் கரை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மத்தியானத்துக்குப் பிறகு கிர்ஸ்டனுக்குத் தாம்பாளம் போல அகன்ற, பிறாசன் என்ற குளத்து மீன் ஒன்று அகப்பட்டது. பிடித்த எல்லாவற்றையும் தண்ணீரில் தொங்கிய நீளமான வலைப்பைக்குள் போட்டுவிட்டு, அவள் யாரையோ கூட்டிவரப் போனாள்.

விமலா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டக் கொண்டுவந்த கத்தியை எடுத்தாள்.

"பாவம், அவ இவ்வளவையும் தனிய வெட்டோணுமே? வந்த இடத்திலை ஒரு கை குடுப்பம்."

"ஓம், நல்லதுதான்," என்றேன் நான், சிகரெட்டைப் பற்றவைத்தபடி.

கிர்ஸ்டன் தராசோடு ஒரு மனிதரைக் கூட்டிவந்தபோது, மீன்கள் செதில் போய், குடல் போய், கழுவிய துண்டுகளாகப் பத்திரிகைத் தாளில் கிடந்தன. அந்த மனிதர்தான் எங்களுக்கு விளக்கினார். மீனை உயிரோடு நிறுத்து, திரும்பத் தண்ணீரில் விடவேண்டும். செத்த மீன் கணக்கில் சேராது. அந்தப் பிறாசன் ஒன்றே கிர்ஸ்டனுக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்திருக்கும்.

கிர்ஸ்டன் ஒரு வார்த்தை பேசவில்லை. வலைப்பையைச் சுருட்டினாள். எங்களைக் காரில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள். விமலா "மன்னித்துக்கொள்" என்று டேனிஷில் திரும்பத் திரும்பச் சொன்னாள். கார் போய்விட்டது.

அடுத்த வாரம் தொழிற்சாலையில் கிர்ஸ்டனும் மற்றவர்களைப் போலத் தலையை மட்டும் அசைத்தாள். விமலாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஏசினாவெண்டால் அழுதிட்டு விட்டிடுவன். இப்பிடிக் கதையாமல் இருந்தால் நான் என்ன செய்யிறது?"

"இஞ்சத்தை ஆக்கள் அப்பிடித்தான். விடு."

சொன்னேனே தவிர, எனக்கும் பயமாக இருந்தது. எங்களூரில் கோபம் வந்தால் வேலிக்கு மேலால் ஊர் கேட்கக் கத்துவோம். பொழுதுபடக் கறிச்சட்டி அதே வேலிக்கு மேலால் போகும். இங்கே கோபத்தை மடித்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். இவளும் போய்விட்டால், இந்த நாட்டில் விமலாவுக்கு என்னைவிட்டால் வேறு யார்? நானோ அரைவாசி நேரம் அவள் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை.

வெள்ளிக்கிழமை விமலா படியேறி ஓடி வந்தாள். அழுத முகம். ஆனால் வாயெல்லாம் பல்.

"இஞ்சாருங்கோ, கிர்ஸ்டன் இண்டைக்கு என்னை நல்லாய் ஏசிப்போட்டா!"

வேலை நேரத்திலேயே இவள் எழுந்து போய் கிர்ஸ்டனுக்கு முன்னால் நின்றிருக்கிறாள். "உன்னுடைய மீனை நான் கொன்றேன். உனக்குக் கோபம். என்னோடு சண்டை பிடி. ஆனால் பேசு," என்று தனக்குத் தெரிந்த டேனிஷ் எல்லாவற்றையும் திரட்டிச் சொல்லியிருக்கிறாள். கிர்ஸ்டன் எழுந்து நின்று கத்தியதில் மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டனவாம்.

"நாளைக்குக் காலமை குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வாறாவாம். கத்தியை வீட்டை வைச்சிட்டு வரட்டாம்."

"அவ ஏசினது முழுக்க விளங்கினதோ உனக்கு?" என்று கேட்டேன்.

"ஓம், ஒரு சொல் தப்பேல்லை," என்றாள் விமலா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவ்வளவு கோபத்திலையும், எனக்கு விளங்கோணும் எண்டு ஒவ்வொரு சொல்லாய், நிறுத்தி நிறுத்தித்தான் ஏசினவ."