வாசிக்காமல் வைத்த அத்தியாயம்

மாலையில் கோயில் மணி ஓய்ந்ததும் றோஸ்மேரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முற்றத்துப் பாயில் வந்து அமர்வாள். அயல் பெண்கள் கிழிந்த வலைகளோடு வந்து சேர்வார்கள். அவர்கள் வலை பொத்த, அவள் ஏதாவதொரு கிறிஸ்தவ நாவலை உரக்க வாசிப்பாள். விசுவாசத்தோடு மல்லுக்கட்டும் மனிதர்களும், காதலித்துக் கலங்கும் பெண்களும் அந்த முல்லைத்தீவுக் கரையில் ஒவ்வொரு மாலையும் நடமாடினார்கள். ஒன்றாகத் தொடங்கிய கதையை ஒன்றாகவே முடிக்கவேண்டும் என்பது அவள் விதி. ஒருத்தி காய்ச்சலில் படுத்தாலும் அன்று வாசிப்பு இல்லை.

அந்த விதியால்தான், கடைசியாக வாசித்த நாவலின் முடிவை அறியாமலே அவள் இறந்துபோனாள்.

இப்போது அவள் சவப்பெட்டிக்குள், விரல்களில் செபமாலை சுற்றியிருக்கக் கிடந்தாள். மகள் கம்சா அலுமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துவந்து பெட்டியருகே கதிரையைப் போட்டாள்.

"என்ன பிள்ளை செய்யப்போறாய்?" என்றாள் வாசலுக்கு வெளியே நின்ற அயல்வீட்டு மரியநாயகி.

"கடைசி அத்தியாயம் வாசிக்கப்போறன் அக்கா. ஃபாதர் வரமுதல் அம்மா கேக்கவேணும். நீங்களும் கேக்கவேணும்."

மரியநாயகி முற்றத்தைத் திரும்பிப் பார்த்தாள். "மூப்பர் நிக்கிறாரடி. எங்களுக்கு அவரின்ரை செபமும் வேணும், அன்னம்மாளின்ரை முடிவும் வேணும். நாங்கள் என்னதான் செய்யிறது?"

அன்னம்மாள் அந்த நாவலின் நாயகி. கணவனைக் கடல் கொண்டுபோனபின் கோயிலுக்குள் நுழைய மறுத்து, வாசலில் நின்று கேட்பாள்: "கடல்மேல் நடந்தவரே, என் புருஷன் அமிழ்ந்தபோது நீர் எங்கே நடந்துகொண்டிருந்தீர்?" றோஸ்மேரி அந்த வரியை வாசித்த மாலையில் அவளுடைய அண்ணன், கோயில் மூப்பர் பேதுரு, வேலிப் படலையடியில் நின்றிருந்தார். அவருடைய ஒரே மகன் றஜித் கடலுக்குப் போய்த் திரும்பாதவன்.

"இது தேவதூஷணம்! இதைக் கேக்கிறவை ஒருத்தரும் என்ரை செபக்கூட்டத்துக்கு வரவேண்டாம்," என்று கத்தினார் அவர்.

றோஸ்மேரி கோபிக்கவில்லை. "அண்ணை, ஒரு நண்டு கடலோடை கோவிச்சுக்கொண்டு கரையிலை வளை தோண்டிச்சாம். ஆழத் தோண்ட, அங்கையும் கடல்தண்ணிதான் ஊறிச்சாம். அன்னம்மாளும் தோண்டட்டும், விடுங்கோ."

அவர் படலையை அறைந்து சாத்திவிட்டுப் போனார். மறுநாள் முதல் பாய் வெறுமையாகக் கிடந்தது. றோஸ்மேரி புத்தகத்தை அலுமாரியில் வைத்தாள். தனியாக அதைத் திறக்கவே இல்லை.

இப்போது பெட்டியருகே கம்சா அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். வெளியே ஒலிபெருக்கியில் துக்கப்பாடல் ஓங்கி ஒலித்தது. அவள் குரல் அதற்குள் அமிழ்ந்தது; இன்னும் சத்தமாக வாசித்தாள். பெண்கள் தலைகுனிந்து வாசலுக்கு அப்பாலேயே நின்றார்கள்.

பேதுரு உள்ளே வந்தார்.

"செத்தவீட்டிலை நாவலோ பிள்ளை?"

"ஓம் மாமா. நீங்கள் ஏசினாலும் வாசிப்பன்."

"அம்மாவுக்காகச் செபத்தைச் சொல்லு."

"செபம் நீங்கள் சொல்லுவியள். இதைச் சொல்ல என்னை விட்டா ஆளில்லை."

அவர் தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு, குரல் தாழ்ந்து, "அந்த அன்னம்மாள் கேட்ட கேள்விக்கு… மறுமொழி இருக்கோ அதுக்குள்ளை?" என்றார்.

"தெரியாது மாமா. அம்மாவுக்கும் தெரியாது."

பேதுரு வெளியே போனார். பாடல் சட்டென்று நின்றது. அந்த அமைதியில் கடலின் இரைச்சல் வீட்டுக்குள் வந்தது. செபம் சொல்வதற்காக வைத்திருந்த மைக்கோடு அவர் வாசலில் நின்று பெண்களைப் பார்த்தார்.

"உள்ளுக்கு வாங்கோ எல்லாரும். நான்தான் உங்களை மறிச்சனான். பிழை என்ரை. இப்ப நானே கூப்பிடுறன்."

முதலில் மரியநாயகி வந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாகப் பெட்டியைச் சுற்றி அமர்ந்தார்கள்.

புத்தகத்தைப் பிடிக்கக் கம்சாவுக்கு இரு கைகளும் வேண்டியிருந்தன. பேதுரு கதிரைக்கு அருகில் மெல்ல முழந்தாளிட்டு, மைக்கை அவள் வாய்க்கு நேரே பிடித்தார்.

"வாசி பிள்ளை," என்றார்.