நாலு பேருக்கு ஓர் அறை

1

மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்த கதை இது. எங்கள் நார்வேக் கரையோர ஊரில் மழைக்குப் பஞ்சமில்லை. பல்கலைக்கழக அரங்கில் காப்பியும் வாஃபிளும் இலவசம் என்று எழுதியிருந்தது, நுழைந்துவிட்டேன். 2060 வரை வளாகம் எப்படி வளரவேண்டும் என்று ஊராரிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். தின்பதற்குத் தவிர நான் வாயைத் திறக்கவில்லை.

முதல் வரிக்குத் திண்டாடினேன். 'தூரில் என்ற பெண் கட்டடங்களை நேசித்தாள், ஆனால்—' வேண்டாம். 'குன்றின் மேல் அந்த மஞ்சள் மரவீடு—' வீட்டில் தொடங்கினால் நீங்கள் வீட்டின் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். தூரிலுக்கு அது அநியாயம்.

நேராகவே சொல்கிறேன். அந்த நீண்டகாலத் திட்டத்தை வரைந்த குழுவின் தலைவி தூரில். அவள் கணவன் ஒட்வார் அதே பல்கலைக்கழகத்தில் பழைய ஐஸ்லாந்து மொழி கற்பிக்கிறான். மாணவர்கள் நாலே பேர். வகுப்பு நடப்பது அந்த மஞ்சள் வீட்டில். வரைபடத்தில் வீடு இருந்த இடத்தில் பெரிய ஆய்வுக்கூடம் எழும்பியிருந்தது. அவள் இதை அவனிடம் சொல்லவில்லை.

[இந்த இடத்தில் தூரில் மேல் எனக்குச் சந்தேகம். கூடவே வாழ்பவனிடம் ஒரு குளிர்காலம் முழுக்க இதை மறைக்க முடியுமா? என் மனைவியைக் கேட்டேன். "ஏன் முடியாது?" என்றாள். மேற்கொண்டு கேட்கப் பயமாக இருந்தது.]

2

கடைசி வரிசையில் ஒட்வார் எழுந்தான்.

"திட்டத் தலைவி அம்மாவுக்கு ஒரு கேள்வி. 2060-ல எங்க துறை எங்கே இருக்குங்க?"

தூரிலின் காது மடல் சிவந்தது. "இதை வீட்லயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டேங்க. உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளுன்னு சொன்னீங்க."

அரங்கம் சிரித்தது.

"அந்த வீடு உளுத்துப் போச்சு, ஒட்வார். மழை பெஞ்சா வகுப்புக்குள்ள வாளி வைக்கிறே. அதை எப்படி விட்டுவைக்கிறது?"

"வீடு போகட்டும் தூரில், நான் வீட்டைக் கேக்கல." அவன் குரலில் இருந்த 'ங்க' உதிர்ந்துவிட்டது. "படம் பூரா தேடிட்டேன். சைக்கிளுக்குக்கூட இடம் இருக்கு. நாங்க எங்கேயும் இல்ல. மறந்துட்டியா?"

'ஆமாம், மறந்துட்டேன்' என்றிருந்தால் தப்பித்திருப்பாள். நான் இட்டுக்கட்டியிருந்தால் அப்படித்தான் சொல்ல வைத்திருப்பேன்.

"மறக்கல," என்றாள் தூரில். "நாலு பேருக்குன்னு ஒரு அறை கேட்டா ஆட்சிக் குழுவுல ஒத்துக்க மாட்டாங்க. அதனால நான் கேக்கவே இல்ல."

ஒட்வார் உட்கார்ந்துவிட்டான். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

3

ஆய்வுக்கூடத்தை நகர்த்தி வீட்டைக் காப்பாற்றினாள் என்று ஒரு முடிவு எழுதினேன். அடித்துவிட்டேன், ஒழுகும் கூரைக்காக அவள் மனம் இளகமாட்டாள். இருவரும் பேசாமல் தனித்தனியே வீடு திரும்பினார்கள் என்று இன்னொன்று. அது சோகமாகவும் அழகாகவும் வந்தது, அதனாலேயே நம்பமுடியவில்லை.

நடந்தது இதுதான். கூட்டம் கலைந்ததும் தூரில் வரைபடத்தின்மேல் குனிந்தாள். ஆய்வுக்கூடத்தின் தரைத்தளத்தில், வாசலை ஒட்டி, ஒரு சின்னக் கட்டம் போட்டு, உள்ளே 'பழைய ஐஸ்லாந்து மொழி' என்று எழுதினாள்.* ஒட்வார் அவளுடைய மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தான்.

"ஜன்னல் எங்கே?"

"கட்டம் போட்டு முடிக்கல, அதுக்குள்ள ஜன்னலா?"

"எட்டு பேர் உக்காரலாம் போலிருக்கே."

"நாலு பேரை வெச்சே காலத்தை ஓட்டிடலாம்னு பாத்தியா? வளாகம் மட்டும்தான் வளரணுமா? நீயும் வளரு."

"ஒத்துக்க மாட்டாங்கன்னு சொன்னே?"

"மாட்டாங்கன்னுதான் இப்பவும் நெனைக்கிறேன். ஆனா கேப்பேன். இல்லைன்னு அவங்க வாயால சொல்லட்டும்."

அவன் கோட்டை விரித்துப் பிடித்தான். அவள் கைகளை நுழைத்துக்கொண்டாள்.

* பேனாவால். பென்சில் பக்கத்திலேயே கிடந்தது, நான் பார்த்தேன்.

4

வசந்தத்தில் தூரில் கேட்டாள். ஆட்சிக் குழு இல்லையென்று சொல்லவில்லை. 'பின்னர் பரிசீலிக்கப்படும்' என்று எழுதிக் கட்டத்தை விட்டுவைத்தது. இதை முடிவு என்று உங்கள் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. எனக்கு அறுபத்தெட்டு வயது. 2060-இல் போய்ப் பார்க்க நான் இருக்கமாட்டேன். உங்களுக்குக் காலம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால், வாசலை ஒட்டிய கதவைத் தட்டுங்கள். உள்ளே பாடம் நடக்கலாம். காலிப் பெட்டிகள் அடுக்கியும் இருக்கலாம். எதுவானாலும் உள்ளபடி எழுதி, கதையை முடித்துவிடுங்கள்.

எனக்கு ஒன்றும் அவசரமில்லை.