நூற்றிருபது வோல்ட்டுக்கு ஒரு டிம்மர்

கிட்ட வந்து இருங்கள், செல்லங்களே. போர்வையை இழுத்து மூடிக்கொள்ளுங்கள். ஒரு விளக்குச் சண்டையைச் சொல்லப்போகிறேன். அதில் முகம் கொடுத்துக் கதைத்தவர்கள் குறைவு.

கடல் கடந்து வந்து நாங்கள் குடியேறிய பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் தவக்காலம் வந்தால் திருப்பாடுகளின் நாடகம் போடுவார்கள். ஏழு வருடமாக அதற்கு விளக்குப் பார்த்தவள் றோசா. செயின்ட்-மிஷேலில் ஒரு தொழிற்சாலையில் மின்பலகைகளுக்கு ஈயம் பற்றவைக்கிறவள். நாடகத்தை நடத்தும் மரியதாசனுக்கோ அந்த இடத்தைத் தன் மருமகன் டினோஜனுக்குக் கொடுக்க ஆசை.

ஒரு வருடம் மரியதாசன் மன்னாரிலிருந்து ஒரு டிம்மர், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி, கொண்டுவந்தார். ஆண்டவர் உயிர் விடும்போது வெளிச்சம் மெல்ல மெல்ல அடங்க வேண்டும். ஒத்திகையில் பார்த்தால், அதில் குமிழைப் பாதி திருகும்வரை இருட்டு, பிறகு பட்டென்று வெளிச்சம்.

"இது இருநூற்று முப்பது வோல்ட்டுக்குச் செய்தது, அண்ணை," என்றாள் றோசா. "இஞ்ச நூற்றிருபதுதானே. உள்ளுக்க கரண்டைச் சேர்த்துவைக்கிற கொண்டென்சர் நிரம்ப நேரம் பிடிக்குது. குமிழின்ர தடையை அரைவாசியாக்கினாச் சரிவரும்."

"ஊரில எரிஞ்சது இஞ்ச ஏன் எரியாது? ஆக்களைப் பேய்க்காட்டாதையும். இண்டைக்குச் சரிவராட்டி நீர் கதிரையில இருந்து நாடகம் பாக்கலாம்."

"மாமா, கரண்டைக் கூட்டினாப் போச்சு," என்றான் டினோஜன். வீட்டுக்கு ஓடிப்போய், ஊர் கிரைண்டருக்கு வாங்கிவைத்த ட்ரான்ஸ்ஃபோமரைத் தூக்கிவந்தான்.

"பல்ப் இஞ்சத்தைய பல்ப். வெடிக்கும்," என்றாள் றோசா.

"பொடியனில உமக்கு எரிச்சல்," என்றார் மரியதாசன்.

டினோஜன் டிம்மரை அதில் செருகி, குமிழை முழுக்கத் திருகினான். கண் கூசும் வெள்ளை வெளிச்சம் ஒரு விநாடி நின்றது. அடுத்து இரண்டு பல்புகளும் வெடித்தன. ஆண்டவர் வேடத்தில் சிலுவையில் கைவிரித்து நின்ற நிஷானின் தோளில் கண்ணாடித் துண்டுகள் கொட்டின.

"இவள்தான் பெட்டிக்குள்ள ஏதோ செய்துபோட்டாள்," என்று கத்தினார் மரியதாசன்.

றோசா சுவரிலிருந்து வயரைக் கழற்றினாள், பெட்டியைத் திறந்தாள். நல்லகாலம், பியூஸ் மட்டும்தான் போயிருந்தது. அதை மாற்றி, பையிலிருந்த பாதித் தடையுள்ள குமிழை எடுத்துப் பழையதன் இடத்தில் பற்றவைத்தாள். அவ்வளவு நேரமும் மரியதாசன் பின்னால் நின்று செருமிக்கொண்டேயிருந்தார்.

"நிழல் விழுது. தள்ளி நில்லுங்கோ," என்றாள், திரும்பாமலே.

புதுப் பல்புகள் போட்டு நேரே சுவரில் செருகினாள். இந்த முறை வெளிச்சம் தொடக்கத்திலிருந்தே மெல்ல ஏறியது. அதே சீராக இறங்கிக் கடைசியில் ஒரு சிவந்த கம்பியாக நின்று அணைந்தது.

மரியதாசன் தொண்டையைக் கனைத்தார். "சரி. இனி டினோஜன் திருகட்டும்."

சிலுவையிலிருந்து நிஷான் சொன்னான்: "றோசா அக்கா திருகினாத்தான் நான் சாவன். இல்லாட்டி இறங்கி வீட்ட போறன்."

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் விட்டார்கள். நாடகத்துக்கு இன்னும் இரண்டு நாள்தான். வேறு ஆண்டவருக்கு மரியதாசன் எங்கே போவார்? நாடகப் புத்தகத்தை மேசையில் அடித்து வைத்துவிட்டு வெளியே போனார். றோசா முக்காலியை இழுத்துப்போட்டு டிம்மருக்கு முன்னால் உட்கார்ந்தாள். பெரிய வெள்ளியன்றும் அவள்தான் திருகினாள். அவளும் மரியதாசனும் இன்றுவரை பேசுவதில்லை.

போய்ப் படுங்கள், கண்ணுகளே. உங்கள் வீட்டில் கோபம் வந்தாலும் இராத்தங்காமல் போகட்டும். உங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் வயிறும் மனதும் நிறைந்து திரும்பட்டும்.