ஃபேமிலி ரூம் இல்லாத ஓட்டல்

இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷம் கடலூருக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, வாரத்துக்கு ஒரு கடை திறந்தார்கள். திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தைச் சுற்றி மட்டும் மூன்று பிரியாணிக் கடை, இரண்டு ஃபாஸ்ட் ஃபுட். சைனீஸ் என்று போர்டு மாட்டியவன் சைனாவைப் படத்தில்கூடப் பார்த்திருக்கமாட்டான். ஏசி பார் ஒன்று வேறு. குடிப்பதற்கென்று ஆற்றுப் பாலம் தாண்டிப் பாண்டிச்சேரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அலைச்சல் மிச்சம். இந்த அமர்க்களத்துக்கு நடுவில்தான் கொளஞ்சியம்மாளும் ஆவணி மாசம் நல்ல நாள் பார்த்து ஓட்டல் திறந்தாள்.

கொளஞ்சியம்மாளை ஒன்றும் தெரியாதவள் என்று எவரும் சொல்ல முடியாது. செம்மங்குப்பத்தில் சிப்காட் கம்பெனி ஆட்களுக்குப் பதினைந்து வருஷம் மெஸ் நடத்தியவள். ஷிப்டு முடிந்து பசியோடு வரும் நாற்பது ஆம்பிளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் நிற்க வைப்பாள். அவளுடைய புருஷன் சுப்புராயனும் அந்த வரிசையில் வந்து நின்று சாப்பிட்டவர்தான். பிறகுதான் கட்டிக்கொண்டார். இன்றைக்கும் வீட்டில் அவர் வரிசை தாண்டுவதில்லை.

டவுனில் ஓட்டல் வைக்கும் யோசனை அவளுக்குச் சிதம்பரத்தில் வந்தது. மகள் வினோதினியைக் காலேஜில் சேர்த்துவிட்டுச் சாப்பிடப் போன இடத்தில், உள்ளே நுழைந்ததுமே சர்வர், லேடீஸெல்லாம் ஃபேமிலி ரூமுக்குப் போங்க என்று கையைக் காட்டினான். ஹாலில் ஃபேன் ஓடியது, மேசைகள் காலியாகக் கிடந்தன. நாங்க இங்கியே உக்காந்துக்கறோம் என்றாள் கொளஞ்சியம்மாள். அவன் கேட்கவேயில்லை. பலகை வைத்துத் தடுத்த அறை, அழுக்கு ஸ்கிரீன், மினுக் மினுக்கென்று ஒரு பல்பு. சோற்றைப் போட்டுவிட்டுப் போனவன் இவர்களை மறந்தே போனான். சாம்பார் ஆறிப்போய் வந்தது, ரசம் கடைசிவரை வரவில்லை. ஸ்கிரீனை விலக்கிக் குரல் கொடுத்ததும் ஹாலே திரும்பிப் பார்த்தது. வினோதினி வெட்கம் தாங்காமல் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கொளஞ்சியம்மாளுக்கு வயிறு எரிந்தது. காசையும் கொடுத்துவிட்டு இருட்டில் ஒளிந்து தின்ன, அவர்கள் என்ன திருடிவிட்டா வந்தார்கள்? திரும்பி வரும் பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டாள். டவுனில் ஓட்டல், அதில் ஃபேமிலி ரூம் கிடையாது.

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கட்டடம் அவளுடைய அண்ணன் தேவநாதனுடையது. குறிஞ்சிப்பாடியில் உரக்கடை வைத்திருப்பவர். நல்ல மனுஷன்தான், ஆனால் தூறல் விழுந்தாலும் இது மழைதானா என்று நாலு பேரைக் கேட்டுவிட்டுத்தான் குடையைப் பிரிப்பார். ரூம் இல்லாத ஓட்டல் என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. நம்ம ஊர்ப் பெண்கள் திறந்த ஹாலில் உட்காரமாட்டார்கள், பெண்கள் வராவிட்டால் குடும்பம் வராது, குடும்பம் வராத இடம் ஆறு மாசத்தில் பூட்டிவிடும் என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். மணவாளன் என்று ஒருவர் அந்தக் கட்டடத்தைப் பாருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். தினம் ஒரு தடவை போன் வேறு. கடைசியில் அண்ணனும் தங்கச்சியும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள்.

"ஆயுத பூசை வரைக்கும் ஒன் இஷ்டம், கொளஞ்சி," என்றார் தேவநாதன். "அதுக்குள்ள ஆம்பள தொண இல்லாம ஒரே ஒரு பொம்பள தானா வந்து, இந்த ஹால்ல உக்காந்து சாப்ட்டுட்டுப் போவட்டும். நான் ரூம் பேச்சே எடுக்கல. இல்லன்னா நாலு ரூம் தடுத்து ஸ்கிரீன் போடணும். மாட்டேன்னா மணவாளனுக்கு வுட்டுடுவேன்."

"ஒருத்திதான? ஒரு வாரத்துல காட்டறேன்," என்றாள் கொளஞ்சியம்மாள்.

ஒரு வாரம் போனது. ஒரு மாசமும் போனது. ஓட்டல் நன்றாகத்தான் ஓடியது, அதில் குறை சொல்ல முடியாது. சிதம்பரத்திலிருந்து கூட்டி வந்த மாஸ்டர் கத்தரிக்காயைப் போட்டுச் செய்த கொத்சுக்காகவே காலையில் இட்லிக்கு ஆள் நின்றது. மத்தியானம் இலைச் சாப்பாட்டுக்கு வக்கீல்கள், பேங்க்காரர்கள், மருந்து கம்பெனிப் பையன்கள். புருஷனோடு பெண்டாட்டி வந்தாள், அப்பாவோடு மகள் வந்தாள். தனியாக ஒருத்தி வரவில்லை. தனியாக வந்தவர்கள் எல்லோரும் வாசலை விட்டுவிட்டுப் பக்கத்துச் சந்தில் இருந்த பார்சல் ஜன்னலுக்குப் போனார்கள். பொட்டலத்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார்கள்.

கொளஞ்சியம்மாள் சும்மா இருப்பவளா? பரிமாறுவதற்குப் பெண்களையே வைத்தாள். மெஸ்ஸில் கூட இருந்த இருசம்மாளுக்குப் புதுப் புடவை எடுத்துக் கொடுத்து ஹாலில் நிறுத்தினாள். கை கழுவும் இடத்தில் பெரிய கண்ணாடி மாட்டினாள். எதற்கும் யாரும் அசையவில்லை என்றதும் வாசலில் ஒரு போர்டு எழுதி வைத்தாள், பெண்கள் தனியாக வந்து சாப்பிடலாம் என்று. அதுதான் பெரிய கூத்தாகிவிட்டது. போகிற வருகிறவர்கள் நின்று நிதானமாகப் படித்துச் சிரித்தார்கள். பெண்கள் முன்பைவிட வேகமாக நடந்தார்கள். நாலாம் நாள் தேவநாதன் வந்து போர்டைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரிக்கவில்லை, அது வரைக்கும் புண்ணியம். அவர் போனதும் போர்டைக் கழற்றி மாவு டின்னுக்கு மூடியாகப் போட்டாள்.

பார்சல் வாங்குகிறவர்களில் பிரிசில்லா என்று ஒரு நர்ஸ். தனியார் கிளினிக்கில் காலை ஷிப்டு முடித்துவிட்டு இரண்டேகால் மணிக்கு ஜன்னலுக்கு வருவாள். ஒரு சாப்பாடு, ரசம் ஜாஸ்தி. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். புரட்டாசி மழை பிடித்துக்கொண்ட ஒருநாள் அவள் குடையை ஜன்னலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். கொளஞ்சியம்மாள் குடையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினாள். பெண்கள் தங்கும் அறையில், கக்கூஸ் நாற்றத்துக்கு நடுவே, ஜன்னல் திட்டில் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றபடி பிரிசில்லா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கொளஞ்சியம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, அங்க ஃபேன் ஓடுது, மேசை காலியா கெடக்குது. இந்த நாத்தத்துல நின்னுக்கிட்டுத் திங்கிறியே, என்னா கேடு ஒனக்கு? வூட்டுக்குப் போயாவது சாப்புடக் கூடாதா?"

பிரிசில்லா வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு நிதானமாகத் திரும்பினாள். வீட்டுக்குப் போனால் எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட நாலரை மணி ஆகும், காலை ஐந்து மணிக்கு எழுந்தவளுக்கு அதுவரை தாங்காது என்றாள். பிறகு கேட்டாள்.

"நீங்க எங்கக்கா சாப்பிடுறீங்க?"

கொளஞ்சியம்மாளுக்குக் கேள்வி புரியவில்லை.

"ஜன்னல்ல நின்னா உள்ள தெரியுதுக்கா. சிலிண்டர் பக்கத்துல அரிசி மூட்ட மேல குந்திக்கிட்டு, தட்ட மடியில வச்சிக்கிட்டு சாப்பிடுறீங்க. மொதலாளியம்மாவே ஒளிஞ்சி சாப்பிடுற ஓட்டல்ல, நான் போயி நடு ஹால்ல உக்காரணுமா?"

யாரையும் ஒரு பேச்சில் மடக்குகிற கொளஞ்சியம்மாள் அன்றைக்குக் குடையைக் கொடுத்துவிட்டு மழையில் நனைந்துகொண்டே ஓட்டலுக்கு வந்தாள். அவமானமாக இருந்தது. அந்தப் பெண் மேல் கோபப்படலாம் என்று பார்த்தால் அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பதினைந்து வருஷ மெஸ்ஸிலும் சரி, இங்கேயும் சரி, அவள் ஒரு நாளாவது மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்கே தோன்றவில்லை. ஊர்ப் பெண்களையெல்லாம் வா, வந்து உட்கார் என்று கூப்பிட்டவள், தான் மட்டும் ஸ்கிரீன் இல்லாத ஒரு ஃபேமிலி ரூமைச் சிலிண்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆயுத பூஜைக்கு ஆறு நாள் இருந்தது. மறுநாள் இரண்டு மணிக்கு, ஹால் பாதிக்கு மேல் நிறைந்திருந்தபோது, கல்லாவிலிருந்து எழுந்து தெருவைப் பார்த்த கண்ணாடி ஓரத்து மேசையில் போய் உட்கார்ந்தாள். இருசம்மாளைக் கூப்பிட்டு, ஒரு சாப்பாடு என்றாள். இருசம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சமையல் கட்டிலிருந்து வழக்கமான தட்டை எடுத்து வந்தாள். கொளஞ்சியம்மாள் திருப்பி அனுப்பினாள். இலை போடு, தண்ணீர் வை, எல்லோருக்கும் போடுகிற மாதிரி வரிசையாகப் போடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

சொல்லிவிட்டாளே தவிர, உட்கார்ந்திருப்பது லேசுப்பட்ட காரியமாக இல்லை. பயமாக இருந்தது. நாற்பது ஆம்பிளைகளை அதட்டியவள் முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டாள். பக்கத்து மேசைக்காரர் இலையை விட்டுவிட்டு இவளைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே ஆட்டோக்காரர் ஒருவர் நின்று பார்த்தார். மெஸ் காலத்திலிருந்து பழக்கமான கண்ணாயிரம் எழுந்தே வந்துவிட்டார், என்னம்மா உடம்பு சரியில்லையா, சோடா வாங்கியாரட்டுமா என்று. ஒரு பெண்பிள்ளை சும்மா உட்கார்ந்திருப்பது உடம்புக்கு வந்தால்தான் உண்டு என்று அவருக்கு எண்ணம். பசிக்குதுண்ணே, சாப்பிடப் போறேன் என்றாள். முதல் கவளத்தைத் தலை நிமிராமல் விழுங்கினாள். இரண்டாவதை மென்று தின்றாள். ரசத்துக்கு வந்தபோது உப்பு தூக்கலாக இருப்பது நாக்குக்குத் தெரிந்தது. அப்பளம் நமுத்துப்போயிருந்தது. இத்தனை நாள் இதையா போட்டுக்கொண்டிருந்தோம் என்று மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டாள். அதோடு பயம் விட்டுப்போனது. மோரையும் குடித்துவிட்டு நிதானமாக எழுந்தாள்.

மறுநாளும் உட்கார்ந்தாள். அன்றைக்குத் தேவநாதன் வந்திருந்தார். கல்லாவில் ஆள் இல்லாததைக் கண்டு பதறிப்போய், இங்க என்னா பண்ற, அங்க யாரு பாக்கறது என்று மேசைக்கே வந்து கேட்டார். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், நீ போய்க் கல்லாவில் உட்கார் என்றாள். அவர் போய் உட்கார்ந்தார். அவள் சாப்பிட்டு முடித்து வந்ததும், மொதலாளி உட்கார்ந்தால் அது பேச்சில் சேராது என்று எச்சரித்தார். சேராது என்று எனக்கும் தெரியும் என்றாள்.

பிரிசில்லாவைக் கூப்பிட அவளுக்கு நாக்கு துடித்தது. பார்சல் ஜன்னலுக்கு வரும்போது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும், பாவம் பார்த்தாவது வந்து உட்காருவாள். ஆனால் கெஞ்சிக் கூட்டி வருவது விருந்தாளியைத்தான், கஸ்டமரை அல்ல. கொளஞ்சியம்மாள் சொல்லவில்லை. மூன்றாம் நாளும் நாலாம் நாளும் பிரிசில்லா பார்சல் வாங்கிக்கொண்டு கண்ணாடியைக் கடந்து போனாள். கடக்கும்போது ஒருதடவை நின்று பார்த்தாள், அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள். மறுநாள் பூஜை. மணவாளன் நாளைக்குக் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். தேவநாதன் தானாகவே கல்லாவில் உட்கார்ந்துகொண்டார், தங்கச்சி முகத்தைப் பார்க்காமல். கொளஞ்சியம்மாள் தன் மேசையில் பாதிச் சாப்பாட்டில் இருந்தபோது வாசல் கதவு திறந்தது. பிரிசில்லா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கொளஞ்சியம்மாளின் மேசையில் எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அவள் அங்கே வரவில்லை. ஹாலின் நடுவில், நாலு பக்கமும் ஆம்பிளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில், ஒரு முழு மேசையில் தனியாக உட்கார்ந்தாள்.

கொளஞ்சியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து ஓடிப்போய்ப் பரிமாறக் கையும் காலும் பரபரத்தன. எழுந்திருக்கவில்லை. இலையைப் பார்த்துக் குனிந்து சோற்றைப் பிசைந்தாள். எழுந்தது தேவநாதன்தான். அவருக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமே. தண்ணீர் டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு நடு மேசைக்குப் போனார்.

"தனியாதான் வந்திருக்கீங்களாம்மா? கூட யாராச்சும் வராங்களா?"

"ஏன் சார்," என்றாள் பிரிசில்லா, "நான் ஒரு ஆளு பத்தாதா?"

அக்கம்பக்கத்தில் ஒருவர் சிரித்தார். அப்புறம் அவரவர் இலைக்குத் திரும்பிவிட்டார்கள், வேறொன்றும் நடக்கவில்லை. பிரிசில்லா சாம்பார், காரக்குழம்பு, இரண்டு தடவை ரசம் எல்லாம் வாங்கி, அவசரப்படாமல் சாப்பிட்டாள். கை கழுவும் இடத்தில் கண்ணாடியைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டாள். போகிறபோது கொளஞ்சியம்மாளின் மேசைப் பக்கம் திரும்பி, அப்பளம் இன்னைக்கு நல்லா இருந்துச்சிக்கா என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

தேவநாதன் போனை எடுத்து மணவாளனுக்கு, கட்டடம் இல்லை, வேறு இடம் பாருங்கள் என்று சொன்னார். பிறகு எழுந்து வந்து தங்கச்சியின் எதிரே உட்கார்ந்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் தன் மனைவி விருத்தாம்பாளை ஒரு ஓட்டலுக்கும் கூட்டிப் போனதில்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருந்தது.

"ஒங்க அண்ணியையும் ஒரு நாளு கூட்டியாறேன்," என்றார்.

கொளஞ்சியம்மாள் இலையை மடித்தாள்.

"நீ கூட்டியார வேணாண்ணா. அனுப்பி வையி."